நிலமும் பொழுதும்

மக்கள் வாழ்வுக்கு இன்றியமையாத அறிவுகளுள் இடவறிவும் ஒன்று. நாம் இருக்கும் இடம் யாது, செல்ல வேண்டிய இடம் யாது, இரண்டற்கும் இடைப்பட்ட வழி யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை அறிந்தவனே வழிநடையைத் துணிந்து மேற்கொள்வான். பொருளிலக்கணம் வகுத்த தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என ஓரிடத்தே சேர்த்து வைத்தார். இவ்விரண்டும் ஒன்றையொன்று பிரியாதன என்பதை இக்காலத்தில் நம் கையிலுள்ள சிறு கைப்பேசியும் காட்டி நிற்கின்றது. அஃது எவ்வாறு என்பதையும், கைப்பேசியில் விளங்கும் நிலப்படத்தை ஆக்கும் கலையைப் பயிலும் மாணவன் எவற்றையெல்லாம் கற்க வேண்டும் என்பதையும் இப்பாடத்தில் அறிவோம்.

வழிகாட்டும் கலை தமிழர்க்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகளாகும். ஆறு என்பதற்கு வழி என்பது பொருள். வள்ளலிடம் பரிசில் பெற்று மீளும் ஒருவன், வறுமையால் வாடி எதிர்வரும் மற்றொருவனைக் கண்டு, இன்ன வழியே செல்க, இன்ன ஊரைக் காண்பாய், அவ்வூர் மக்கள் இன்ன உணவு அளிப்பர் என்று எடுத்துரைப்பதே ஆற்றுப்படையின் அமைப்பு. சிறுபாணாற்றுப்படையில் எயிற்பட்டினம், வேலூர், ஆமூர் எனும் ஊர்கள் வரிசையாக வருகின்றன. தான் அறிந்த வழியைத் தன்னளவில் வைத்துக்கொள்ளாது பிறர்க்கு உரைப்பவனே ஆற்றுப்படையின் தலைமகன். இக்கருத்தை மனத்தில் இருத்துக. பின்னர் இதனை மீண்டும் காண்போம்.

நிலத்தை அளக்கும் கலையும் இங்குப் பழமையானதே. முதலாம் இராசராசன் ஆட்சியில் சோழநாட்டு நிலங்கள் அளக்கப்பெற்றன. அவ்வேலையை நடத்திய அதிகாரி உலகளந்தான் என்னும் சிறப்புப் பெயர் பெற்றான். ஊர்களின் நான்கெல்லைகளும், நிலங்களின் பரப்பும் மிக நுண்ணிய பின்னங்கள் வரையில் கணக்கிடப்பட்டுக் கல்லில் வெட்டப்பட்டன. தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்கள் இதற்குச் சான்றாக நிற்கின்றன.

அதே பெரிய கோயில், எண்ணூறு ஆண்டுகள் சென்றபின், மற்றோர் அளவைக்கும் இடமாயிற்று. லாம்டன் என்னும் ஆங்கிலேயர் 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னையை அடுத்த பரங்கிமலைக்கருகில் ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். சங்கிலியின் நீளம் நூறடி. ஏறத்தாழ நானூறு முறை அதனை நீட்டி மடக்கிப் பல வாரங்களில் அவ்வேலையை முடித்தார். ஒரு கோட்டின் நீளமும் அதன் இரு முனைகளிலிருந்து தொலைவிலுள்ள ஒரு குன்றை நோக்கும் கோணங்களும் தெரிந்தால், நடந்து அளவாமலே அக்குன்றின் தொலைவைக் கணக்கிட்டுக் கொள்ளலாம். இதுவே முக்கோண அளவை. ஒரு முக்கோணத்தின் பக்கம் அடுத்த முக்கோணத்திற்கு அடியாகும். இங்ஙனம் முக்கோணங்களை அடுக்கிக்கொண்டே போய்த் தென்குமரி தொடங்கி இமயத்தின் அடிவாரம் வரையில் நாடு அளக்கப்பட்டது.

கோணத்தை அளக்க லாம்டன் கொண்டுசென்ற தியோடலைட்டு என்னும் கருவி ஏறத்தாழ அரை டன் எடையுள்ளது. சமவெளியில் குன்றுகள் இல்லாத இடங்களில் அவர் கோயில்களின் உயரத்தை நாடினார். 1808-இல் அக்கருவியைத் தஞ்சைப் பெரிய கோயிலின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்தது; கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. லாம்டன் மனம் தளரவில்லை. தம் கையாலேயே அதனைப் பல வாரங்கள் உழைத்துச் செப்பஞ் செய்து, மீண்டும் அளவையைத் தொடர்ந்தார். நிலத்தை அளப்போர்க்கு நுண்மதி ஒரு கண்ணாயின், பொறுமை மற்றொரு கண் என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு.

இக்கலையைக் கற்பிக்கவென்றே லாம்டன் வருகைக்கு முன்னர், 1794-ஆம் ஆண்டில், சென்னைக் கோட்டையில் நில அளவைப் பள்ளி ஒன்று தோன்றியது. அதனை அமைக்க முயன்றவர் மைக்கேல் டாப்பிங் என்பவர். தொடக்கத்தில் அதில் எட்டு மாணவர்களே பயின்றனர். அச்சிறு பள்ளியே வளர்ந்து, 1859-இல் பொறியியற் கல்லூரியாகி, 1920-இல் கிண்டிக்குச் சென்று, 1978 முதல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஓர் உறுப்பாக விளங்குகின்றது. அங்கே இந்நாளில் புவித்தகவலியல் என்னும் பெயரில் இக்கலை கற்பிக்கப்படுகின்றது. சங்கிலி பிடிக்கக் கற்றவர்களின் பள்ளியில் இன்று செயற்கைக்கோள் படங்களைப் படிக்கக் கற்கின்றனர்.

அக்கல்லூரியை அடுத்து 1944-இல் தொழில்நுட்பக் கல்லூரி எழ உதவியவர் செட்டிநாடு ஈன்ற வள்ளல் அழகப்பச் செட்டியார் ஆவார். அவரது கொடையால் கல்விநகராக மலர்ந்த காரைக்குடியில் 1985 முதல் அழகப்பா பல்கலைக்கழகம் நடைபெறுகின்றது. வானிலிருந்து எடுத்த படங்களைக்கொண்டு நிலத்தை ஆராயும் தொலையுணர்வுக் கல்வி அங்கும் பயிற்றப்படுகின்றது. ஆகவே, செட்டிநாட்டுச் சிற்றூரில் பிறந்த மாணவன் ஒருவன் தன் ஊர்ப் பேருந்திலேயே ஏறிச் சென்று இக்கலையைக் கற்று வரலாம்.

அளவைக் கலையைக் கற்ற மாணவர்களுள் மறக்கவொண்ணாதவர் நைன்சிங் என்பவர். இமயச் சாரலில் உள்ள மிலம் என்னும் ஊரினர், பள்ளியாசிரியர், ஆதலின் பண்டிதர் எனப்பட்டார். 1863-இல் டேராடூனில் பயிற்சி பெற்றார். அந்நாளில் அயலார் திபெத்து நாட்டினுள் நுழைதல் அரிது. யாத்திரிகர் கோலம் பூண்டு அவர் லாசா நகர் வரையில் நடந்தார். ஓரளவாக அடியெடுத்து வைக்கப் பழகி, நூறு அடிக்கு ஒரு மணியாகச் செபமாலையை உருட்டினார். வழக்கமாக 108 மணிகள் கோக்கும் மாலையில் அவர் நூறு மணிகளே கோத்திருந்தார். ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம் அடி நடந்ததாகக் கணக்கு. நீர் கொதிக்கும் வெப்பநிலையைக் கொண்டு இடத்தின் உயரத்தைக் கணித்தார். 1877-இல் இலண்டன் மாநகரின் அரச புவியியற் கழகம் அவருக்குப் பொற்பதக்கம் வழங்கியது. ஒரு பள்ளியாசிரியரின் காலடிகளே ஒரு நாட்டின் நிலப்படத்திற்கு அளவுகோலாயின.

இனி, இக்காலத்து முறையைக் காண்போம். தாளில் அச்சிட்ட நிலப்படம் ஒருமுறை வரைந்தபின் மாறுவதில்லை. இணையத்திலும் கைப்பேசியிலும் காணும் நிலப்படமோ, விரலால் தொட்டால் நகர்கின்றது, விரித்தால் பெரிதாகின்றது, பார்ப்பவன் நிற்கும் இடத்தையும் நீலப் புள்ளியாகக் காட்டுகின்றது. இதனை ஆக்கக் கற்பவன் முதலில் அறிய வேண்டுவது இடத்தை எண்ணால் குறிக்கும் முறை. நிலநடுக்கோட்டிலிருந்து வடக்கே எத்தனை பாகை, கிரீனிச்சுக் கோட்டிலிருந்து கிழக்கே எத்தனை பாகை என்னும் இரண்டு எண்களால் உலகின் எந்த இடத்தையும் சுட்டிவிடலாம். காரைக்குடி வடக்கே ஏறத்தாழ 10.07 பாகையிலும், கிழக்கே 78.78 பாகையிலும் அமைந்துள்ளது. கணிப்பொறிக்கு ஊரின் பெயர் தெரியாது, இவ்வெண்களே தெரியும்.

அடுத்து அறிய வேண்டுவது, உருண்டையைத் தட்டையாக்கும் வழி. கமலாப் பழத்தின் தோலை உரித்து மேசைமேல் பரப்பினால் அது கிழியும். கிழியாமல் பரப்ப வேண்டுமாயின் இழுத்து நீட்ட வேண்டும். உலகப் படத்தின் நிலையும் இதுவே. மெர்க்கேட்டர் என்பவர் 1569-இல் வகுத்த முறை மாலுமிகளுக்குத் திசை பிறழாமல் காட்டும். ஆனால், துருவங்களை நோக்கிச் செல்லச் செல்ல நிலப்பரப்பு பெருத்துத் தோன்றும். அப்படத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவோடு ஒத்த அளவினதாகக் காணப்படும். உண்மையில் ஆப்பிரிக்கா அதனினும் ஏறத்தாழப் பதினான்கு மடங்கு பெரியது. இணைய நிலப்படங்களிற் பல இம்முறையைத் தழுவியே அமைந்துள்ளன. படத்தில் கண்டதையெல்லாம் அப்படியே நம்பலாகாது என்பது இக்கல்வியின் முதற்பாடம்.

உலகப் படம் முழுவதும் ஒரே சமயத்தில் கைப்பேசிக்குள் வருமோ? வாராது. இதற்கு விடை செட்டிநாட்டு வீடுகளின் தரையிலேயே உள்ளது. ஆத்தங்குடியில் கையால் செய்யும் தளக்கற்களைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு கல்லும் சதுரம். ஒவ்வொன்றிலும் பூவின் ஒரு பகுதியே இருக்கும். ஒட்டிப் பதித்தபின் தரை முழுவதும் ஒரே சித்திரமாக விளங்கும். இணைய நிலப்படமும் இவ்வாறே சிறு சதுரங்களால் ஆனது. ஒவ்வொரு சதுரத்திலும் பக்கத்துக்கு 256 புள்ளிகள் உண்டு. உலகம் முழுவதையும் ஒரு சதுரத்தில் காட்டுவது தொடக்கப் படி. அடுத்த படியில் 4 சதுரங்கள், அதற்கடுத்து 16, பத்தாம் படியில் 10,48,576. வீடுகள் தனித்தனியே தெரியும் பதினெட்டாம் படியிலோ ஏறத்தாழ 6,872 கோடிச் சதுரங்கள் வேண்டும். நாம் பார்க்கும் இடத்திற்குரிய சில சதுரங்களை மட்டும் கைப்பேசி கேட்டு வாங்குகின்றது. கூடத்தில் நிற்பவன் கால்படும் தரையை மட்டும் பார்ப்பதுபோல என்று கொள்க. 2005-இல் வெளிவந்த கூகுள் நிலப்படம் இம்முறையை உலகெங்கும் பரவச் செய்தது.

மூன்றாவது, அடுக்குகள். சாலைகளை ஒரு கண்ணாடித் தகட்டிலும், நீர்நிலைகளை மற்றொரு தகட்டிலும், வீடுகளை வேறொன்றிலும் வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நோக்கினால் மூன்றும் ஒருங்கே தெரியும்; வேண்டாததை எடுத்தும் விடலாம். கணிப்பொறியில் இவையே அடுக்குகள் எனப்படும். இதன் பயனை ஒரு வரலாறு விளக்கும். 1854-இல் இலண்டனில் ஒரு பகுதியில் வாந்திபேதி பரவி, அறுநூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஜான் ஸ்னோ என்னும் மருத்துவர் இறந்தோர் வாழ்ந்த வீடுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். சாவுகள் பிராடு தெருவிலிருந்த ஒரு நீர்க்குழாயைச் சுற்றியே மிகுந்திருக்கக் கண்டார். அவர் சொற்கேட்டு அக்குழாயின் கைப்பிடி கழற்றப்பட்டது. பின்னர் அவர் வெளியிட்ட நிலப்படத்தில் சாவுகளும் குழாய்களும் ஒருங்கே குறிக்கப்பட்டன. தனித்தனியே பார்த்தால் தோன்றாத உண்மை, இரண்டு அடுக்குகளைச் சேர்த்து நோக்கியபோது புலப்பட்டது.

அடுக்கிலே இடம்பெறும் பொருள்கள் மூவகைப்படும். கிணறும் கோயிலும் பேருந்து நிற்குமிடமும் புள்ளிகள். சாலையும் வாய்க்காலும் கோடுகள். கண்மாயும் வயலும் பரப்புகள். இவற்றை வானிலிருந்து எடுத்த படங்களின்மேல் வைத்து வரையலாம். நம் நாடு 1988 மார்ச்சு 17-இல், சோதனை நிலையைக் கடந்து முழுப் பயன்பாட்டுக்குரிய முதல் தொலையுணர்வுச் செயற்கைக்கோளை வானுக்கு அனுப்பியது. 2009-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் புவன் என்னும் இணைய நிலப்படத்தை மக்களுக்கு அளித்தது. இப்படங்களை இணையத்தில் நிறுத்தவும், தொட்டால் விவரம் தோன்றவும் செய்யக் கணிப்பொறி மொழிகள் தேவை. ஜாவாஸ்கிரிப்டு, பைத்தான் முதலியவற்றை மாணவன் கற்கின்றான். 2011-இல் உக்ரேன் நாட்டின் கீவ் நகரத்து இளைஞர் ஒருவர் உலகுக்கு இலவசமாக அளித்த லீஃப்லெட்டு என்னும் கருவித்தொகுதி, சில வரிகளிலேயே ஒரு நிலப்படத்தை இணையப் பக்கத்தில் அமைக்க உதவுகின்றது.

இனி நீலப் புள்ளிக்கு வருவோம். இங்கேதான் நிலமும் பொழுதும் கூடுகின்றன. வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் வானில் சுற்றிக்கொண்டே, இப்பொழுது நேரம் என்ன என்பதையும் தாம் இருக்கும் இடத்தையும் ஓயாது அறிவித்து வருகின்றன. அமெரிக்க நாட்டின் கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளன. அங்கிருந்து புறப்படும் செய்தி, ஒளியின் வேகத்தில் வந்தும், நம்மை அடைய ஒரு நொடியில் பதினைந்தில் ஒரு பங்காகின்றது. புறப்பட்ட நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கொண்டு, அக்கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கைப்பேசி கணக்கிடுகின்றது.

தொலைவு தெரிந்தால் இடம் எப்படித் தெரியும்? ஒருவன், என் ஊர் காரைக்குடியிலிருந்து பத்துக் கிலோமீட்டர் என்கிறான் என்று கொள்வோம். அவ்வூர் காரைக்குடியைச் சுற்றி வரைந்த ஒரு வட்டத்தில் எங்கேனும் இருக்கலாம். தேவகோட்டையிலிருந்து உள்ள தொலைவையும் சொன்னால் இரண்டு வட்டங்களும் வெட்டும் இரண்டு புள்ளிகளுள் ஒன்றாகும். மூன்றாவது ஊரிலிருந்து தொலைவு தெரிந்தால் ஐயம் நீங்கும். வானத்துக் கோள்களைக் கொண்டும் இங்ஙனமே இடம் காணப்படுகின்றது. கைப்பேசியின் கடிகாரம் கோள்களின் அணுக் கடிகாரத்தைப்போலத் துல்லியமானதன்று. அதன் பிழையைத் திருத்திக்கொள்ள நான்காவது கோள் ஒன்றும் வேண்டும். ஒரு நொடியைப் பத்து லட்சம் கூறாக்கி, அதில் ஒரு கூறு பிழைத்தாலும் இடம் 300 மீட்டர் தவறிவிடும். பொழுதில் தவறினவன் நிலத்திலும் தவறுவான்.

நம் நாட்டுக்கென்றே நாவிக் என்னும் கோள் தொகுதி ஒன்று அமைக்கப்பட்டது. அதன் முதற்கோள் 2013 ஜூலை 1-இலும், ஏழாவது கோள் 2016 ஏப்ரல் 28-இலும் செலுத்தப்பட்டன. நாவிக் என்பதற்கு மாலுமி என்பது பொருள். விண்மீன்களை நோக்கிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கலம் செலுத்திய மாலுமிகளை நம்பிச் சென்ற வணிகர்களின் மண்ணில் அப்பெயர் பொருத்தமாகவே ஒலிக்கின்றது. இவ்விடத்து மாணவர் பலர்க்கு உண்டாகும் ஐயம் ஒன்றையும் நீக்க வேண்டும். இணையத் தொடர்பு இல்லாத காட்டிலும் கைப்பேசி தன் இடத்தை அறியும். கோள்களின் குரலைக் கேட்க இணையம் வேண்டியதில்லை. நிலப்படச் சதுரங்களைப் பெறுவதற்கே இணையம் வேண்டும். அவற்றை முன்னரே சேமித்துக் கொண்டவன் எங்கும் வழி தவறான்.

இவ்வளவும் கற்ற மாணவன் ஒருவன் செட்டிநாட்டில் தன் ஊரை நிலப்படத்தில் வரையப் புகுகின்றான் என்று கொள்வோம். இந்நாட்டு ஊர்களின் அமைப்பு தனிச் சிறப்புடையது. நேரிய தெருக்கள், ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாயிலுமாக நீண்ட வீடுகள், மழைநீரைத் தேக்கும் ஊருணிகள். இவ்வூர்த் தொகுதி 2014-இல் உலக மரபுச் சின்னங்களுக்குரிய முன்பட்டியலில் சேர்க்கப்பட்டது. வானத்துப் படம் ஓட்டுக் கூரையைக் காட்டும். எது முகப்பு, எது பின்கட்டு என்று காட்டாது. புள்ளியைப் பின்வாயிலில் வைத்துவிட்டால், வண்டியில் மருந்து கொண்டு வருபவன் பூட்டிய கதவின் முன் நிற்பான். ஆகவே, மாணவன் கணிப்பொறியை விட்டெழுந்து தெருவில் நடந்தே தீர வேண்டும். நைன்சிங் நடந்த நடையின் சிறு பங்கு இவனுக்கும் உண்டு.

ஊருணியை வரைவது இன்னும் அரிய வேலை. நீர் நிறைந்த காலத்தில் வானத்துக் கண் அதனைக் காணும். வற்றிய காலத்தில் வெறுந்தரையென்றே கருதும். நீரை அதற்குக் கொண்டுவரும் வரத்துக்கால் புதர் மூடிக் கிடப்பின் முற்றிலும் மறையும். அது தெரிந்தவர் ஊரின் முதியோரே. அவன் ஒரு திண்ணையை அணுகி, "ஆச்சி, நம் ஊருணிக்குத் தண்ணீர் எப்பக்கம் இருந்து வரும்?" என்று பணிவோடு கேட்டால், "அந்தப் பனைமரத்துக்குக் கீழே கால் ஓடும் அப்பா, நிறைந்தால் கலுங்கு வழியே கீழ்க்கண்மாய்க்குப் போகும்" என்று அவர் விடை சொல்லக்கூடும். அந்த ஒரு விடையில் ஒரு புள்ளியும் இரண்டு கோடுகளும் ஒரு பரப்பும் அடங்கியுள்ளன. அது நிலப்படத்தில் ஏறாவிடில், அம்முதியவரோடு அவ்வழியும் மறைந்துபோகும். பின்னர் ஒருநாள் வாய்க்கால் இருந்த இடத்தில் சுவர் எழும், ஊருணி வறளும், வீடுகளில் வெள்ளம் புகும். ஆற்று வளமில்லாத இந்நிலத்தில் வாழ்வு வான்மழையையும் அதனைச் சேர்க்கும் வழிகளையும் நம்பியது. ஆதலின் இவ்வாய்க்காலைக் குறித்து வைத்தல் ஊருக்கு உயிர்க்காவல் ஆகும்.

பெயரை எழுதுவதிலும் விழிப்பு வேண்டும். ஊர்ப்பெயர்களை ஆங்கில எழுத்தில் பெயர்த்து, அதனின்று மீண்டும் தமிழாக்கும்போது லகர ளகர ழகர வேறுபாடும், குறில் நெடில் வேறுபாடும் சிதைகின்றன. பள்ளத்தூர் பல்லத்தூர் ஆகும். கானாடுகாத்தான் உருத்தெரியாமல் கனடுகதன் ஆகிவிடும். பள்ளம் என்பது தாழ்ந்த நிலத்தைக் குறிக்கும் சொல். ஏந்தல் என்று முடியும் பெயர் நீர்நிலையைச் சுட்டும். பெயர் பிழைபடின் அந்நிலத்தைப்பற்றி முன்னோர் வைத்த குறிப்பும் பிழைபடும். திறந்த நிலப்படங்களில் ஒவ்வோர் இடத்துக்கும் பல மொழிகளில் பெயர் எழுத இடம் உண்டு. தமிழ்ப் பெயரைத் தமிழெழுத்தில் பிழையற எழுதுதல் தமிழ் கற்ற மாணவனுக்கே இயலும் தொண்டு. இலக்கணம் எதற்கு உதவும் என்று கேட்பவர்க்கு இதுவும் ஒரு விடை.

திறந்த நிலப்படம் என்றோம். 2004-இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர், எவரும் வரையவும் எவரும் எடுத்துப் பயன்படுத்தவும் உரிய உலக நிலப்படம் ஒன்றைத் தொடங்கினார். ஓப்பன் ஸ்டிரீட் மேப் என்பது அதன் பெயர். 2010 ஜனவரியில் ஐத்தி நாட்டில் பெரும் நிலநடுக்கம் நேர்ந்தபோது, தலைநகரின் தெருக்களைப் பல நாட்டுத் தொண்டர்கள் தத்தம் வீட்டிலிருந்தபடியே வானத்துப் படங்களைப் பார்த்து வரைந்தளித்தனர். மீட்புப் பணியாளர்க்கு அது வழிகாட்டியாயிற்று. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும், அப்படத்தில் முன்னரே வரையப்பட்டிருந்த தெருக்களின்மேல் நீர் சூழ்ந்த தெருக்களை மக்களே தொட்டுக் குறித்தனர். தெரு முன்னரே வரையப்பட்டிருந்தமையால் அன்றோ அன்று குறிக்க முடிந்தது? வெள்ளம் வந்தபின் நிலப்படம் வரையத் தொடங்குதல் வீடு பற்றியபின் கிணறு வெட்டுவதை ஒக்கும்.

தான் அறிந்த வழியைப் பிறர்க்குக் கூறும் ஆற்றுப்படை நெறியே இதிலும் விளங்கக் காண்கின்றோம். பாணன் கண்ட வழியைப் பாணனுக்கு உரைத்தான். இன்று ஒரு சிற்றூர் மாணவன் தான் கண்ட வழியை, முகம் அறியாத எவர்க்கும் உரைக்கின்றான்.

எனினும், எதனையும் குறிக்கலாம் என்று கருதுதல் கூடாது. 2021 பிப்ரவரியில் நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறைகள், இந்திய மக்கள் முன்னிசைவு பெறாமலே நிலப்படம் ஆக்க வழி செய்தன. ஆயினும் நாட்டின் பாதுகாப்புக்குரிய இடங்களைப்பற்றிய கட்டுப்பாடுகள் உண்டு. ஒருவர் வீட்டில் இருப்போர் பெயரும், அவர் போய்வரும் நேரமும் நிலப்படத்திற்குரிய செய்திகள் அல்ல. கைப்பேசி நமக்கு வழி காட்டுவதோடு, நாம் சென்ற வழியைப் பிறர்க்குக் காட்டவும் வல்லது. தன் இடத்தை எவர்க்கு அறிவிக்கலாம், எவர்க்கு அறிவிக்கலாகாது என்னும் தெளிவு இளையோர்க்கு இன்றியமையாதது. கண்ணால் காணாததைக் குறித்தலும், பிறர் வரைந்ததைத் திருடித் தன்னதாக இடுதலும் இக்கலைக்குப் பெருங்குற்றம். பிழையான நூல் படிப்பவனை மயக்கும். பிழையான நிலப்படமோ நோயாளியை ஏற்றிய வண்டியை முட்டுச் சந்தில் கொண்டு நிறுத்தும்.

மாணவர்களே! கணிதம், புவியியல், கணிப்பொறிக் கல்வி, தமிழ், கால் நடை ஆகிய ஐந்தும் ஒன்றுகூடினாலன்றி ஒரு நல்ல நிலப்படம் பிறவாது என்பதைக் கண்டீர்கள். இவற்றுள் ஒன்றையேனும் இகழாது கற்பீர்களாக. அடுத்த விடுமுறையில் உங்கள் ஊரின் ஊருணிகள் எத்தனை, கண்மாய்கள் எத்தனை, அவற்றின் பெயர் யாது, நீர் வரும் வழி யாது என்று முதியோரைக் கேட்டு முதலில் ஒரு தாளில் வரைந்து பாருங்கள். கணிப்பொறி பின்னர் வரட்டும். தன் ஊரின் நீர் வழியை அறிந்தவனே அதனைக் காக்க வல்லவன். அதனைப் பிழையறக் குறித்து வைத்தவன், தனக்குப் பின் வருவோர்க்கும் வழிகாட்டி ஆவான்.